தியாகராச விலாசம்

சென்னைத் திருவல்லிக்கேணியை அடுத்த திருவட்டீசுவரன்பேட்டையில், பிள்ளையார் கோயில் தெருவில், ஓர் இல்லம் இருந்தது. மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் தம் வாழ்நாளின் பிற்பகுதியைக் கழித்த இல்லம் அது. ஏடுகள் அடுக்கடுக்காய் நிறைந்திருந்த அவ்வில்லத்திற்கு அவர் தம் பெயரைச் சூட்டவில்லை. தம் தந்தையார் பெயரையும் சூட்டவில்லை. தெய்வத்தின் பெயரையும் சூட்டவில்லை. ‘தியாகராச விலாசம்’ என்று பெயரிட்டார். அப்பெயருக்குரியவர், கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த தமிழாசிரியர் பதவியைத் தம்மினும் இளையவராகிய ஐயரவர்களுக்கு வாங்கிக் கொடுத்து விலகிய வித்துவான் தியாகராச செட்டியார் ஆவார்.

தமிழ்த் தாத்தா என்று நாடு போற்றும் அப்பெரியாரின் வரலாற்றைச் சொல்வோர், அவர் ஏடு தேடி அலைந்த கதையையே பெரிதும் சொல்வர். அது சொல்லத்தக்கதே. ஆயினும் அவ்வேடுகள் அச்சேறி நூல்களாக மலர்ந்த காலம் முழுவதும் அவர் ஒரு கல்லூரி ஆசிரியராகவே இருந்தார் என்பதும், கல்லூரி மணியோசைக்கு உட்பட்ட வாழ்க்கையினூடேதான் சங்கத் தமிழ் மீண்டும் உயிர்பெற்றது என்பதும் போதிய அளவு நினைக்கப்படுவதில்லை. அவர் முதுமையில் தம் வரலாற்றைத் தாமே எழுதப் புகுந்தபோது, அந்நூலின் பிற்பகுதியை நிரப்பியவை அக்கல்லூரி நாள்களே.

குருகுலத்திலிருந்து கல்லூரிக்கு

1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள், தஞ்சை மண்டலத்தில் கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரம் என்னும் சிற்றூரில் வேங்கடசுப்பையருக்கும் சரசுவதி அம்மையாருக்கும் மகனாய்ப் பிறந்தவர் ஐயரவர்கள். தந்தையார் இசை வல்லவர். இசையால் வரும் சிறு வருவாயைக் கொண்டு ஊர் ஊராய்ச் சென்று குடும்பம் நடத்தியவர். மகனும் இசைவழியே செல்ல வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனின் உள்ளமோ தமிழையே நாடிற்று.

1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்த நாளே அவருடைய உண்மையான கல்வி தொடங்கிய நாள். வேங்கடராமன் என்னும் பிள்ளைப் பெயர் மறைந்து, வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்னும் பெயரே நிலைத்ததும் அவ்வாசிரியரின் விருப்பத்தால்தான். அங்கே வகுப்பறை இல்லை, பாட அட்டவணை இல்லை, தேர்வும் இல்லை. ஆசிரியர் நடக்கும்போதும், உண்ணும்போதும், பிறரோடு உரையாடும்போதும் பாடம் நடந்தது. அவர் செய்யுள் இயற்றிக்கொண்டே சொல்ல, மாணவர் ஏட்டில் எழுதினர். ஆசிரியரைப் பிரியாதிருப்பதே அங்குக் கல்வியாயிற்று. ஐந்தாண்டு நடந்த அந்த வாழ்வு, 1876 பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் மறைந்தபோது முடிவுற்றது.

ஆசிரியரை இழந்த மாணவரைத் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அணைத்துக்கொண்டார். மடத்தில் தம்பிரான்களுக்கும் பிற மாணவர்க்கும் பாடம் சொல்லும் பணி அவருக்குக் கிடைத்தது. உறையுளும் உணவும் குறைவின்றி அமைந்தன. தமிழும் வடமொழியும் இசையும் நாள்தோறும் முழங்கிய அம்மடத்தை விட்டு வெளியேற வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு எழக் காரணமே இல்லை.

அக்காரணத்தைக் கொண்டுவந்தவர் தியாகராச செட்டியார். பூவாளூரைச் சேர்ந்த செட்டியாரும் மகாவித்துவானிடம் பயின்றவரே. கும்பகோணம் கல்லூரியில் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்து, மாணவர் அஞ்சவும் அன்பு செலுத்தவும் தக்க பெருமையோடு விளங்கியவர். உடல்நலம் குன்றி ஓய்வுபெற எண்ணியபோது, தம் இருக்கையில் யார் அமர வேண்டும் என்பது அவருக்குப் பெருங்கவலையாயிற்று. கல்லூரியில் தமிழுக்கு இருந்த மதிப்பு, அதைக் கற்பிப்பவரின் ஆற்றலைப் பொறுத்தே நின்றது. ஆங்கிலமே ஆட்சி செலுத்திய அவ்விடத்தில் தமிழாசிரியர் சிறிது தளர்ந்தாலும் தமிழே தளர்ந்துவிடும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். எனவே தம் ஆசிரியரின் இளைய மாணாக்கரைத் தேடித் திருவாவடுதுறைக்கே வந்தார்.

தேசிகருக்கு அவரை அனுப்ப மனமில்லை. ஐயரவர்களுக்கோ மடத்தின் நிழலை விட மனமில்லை. ஒருபுறம் அன்பும் பாதுகாப்பும். மறுபுறம் மாதம் ஐம்பது ரூபாய் ஊதியமும் முன்பின் அறியாத உலகமும். முடிவில் செட்டியாரின் உறுதியே வென்றது. மகாவித்துவானின் மாணாக்கர் ஒருவர் கல்லூரியில் விளங்குவது ஆதீனத்திற்கும் பெருமையே என்று தேசிகர் இசைந்தார். தம் நற்சான்றும் அளித்து வாழ்த்தி அனுப்பினார். அன்பு கொண்டவர் ஒருவரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ளாது உரிய இடத்திற்கு விடுத்த அச்செயல், செட்டியார் இருக்கையை விட்டுக் கொடுத்த செயலுக்குச் சிறிதும் குறைந்ததன்று.

காவிரிக் கரைக் கல்லூரி

கும்பகோணம் கல்லூரி 1854-இல் பள்ளியாகத் தோன்றி, 1867-இல் கல்லூரியாக உயர்ந்தது. போர்ட்டர் என்னும் ஆங்கிலேயர் முதல்வராக இருந்த காலத்தில் அதன் புகழ் ஓங்கியது. தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று அதனைப் போற்றினர். காவிரிக் கரையில் அமைந்த அக்கல்லூரியில், 1880-இல் ஐயரவர்கள் வந்து சேர்ந்தபோது முதல்வராக விளங்கியவர் கோபால ராவ். ஆங்கிலப் புலமையிலும் மாணவரிடம் காட்டிய அன்பிலும் பெயர் பெற்றவர் அவர்.

செட்டியாரின் பரிந்துரை ஒன்றே போதும் என்று கல்லூரியார் இருந்துவிடவில்லை. இருபத்தைந்து வயதினராகிய அவ்விளைஞரை ஆசிரியர்கள் முன்னிலையில் சோதித்தனர். செய்யுள்களுக்குப் பொருள் கூறவும், அவ்விடத்திலேயே செய்யுள் இயற்றவும் பணித்தனர். இரண்டிலும் அவர் தேறினார். ஆங்கிலப் பட்டம் பெற்ற ஆசிரியர் நடுவே ஆங்கிலம் அறியாத அவர், தம் ஆசிரியர் அளித்த கல்வி ஒன்றையே துணையாகக் கொண்டு நின்றார்.

செட்டியாரோ பதவியை வாங்கிக் கொடுத்ததோடு தம் கடமை தீர்ந்தது என்று கருதவில்லை. வகுப்பை நடத்தும் முறையையும், மாணவரோடு பழகும் அளவையும் மூத்தவர் இளையவர்க்குச் சொல்வதுபோல் எடுத்துரைத்தார். மடத்தில் பாடம் கேட்போர் தாமே விரும்பி வந்தோர். கல்லூரியில் அமர்ந்திருப்போரோ தேர்வுக்காக வந்தோர். அவர்கள் உள்ளத்தை ஈர்ப்பது வேறொரு கலை.

அக்கலையில் ஐயரவர்களுக்குத் துணை நின்றது, அவர் தந்தையார் தந்த இசை. செய்யுளை வெறுமனே படிக்காமல், உரிய இராகத்தில் இசையோடு பாடிப் பொருள் விளக்கினார். ஓய்வுப் பொழுதுபோலக் கருதப்பட்ட தமிழ் வகுப்பு மாணவர் விரும்பிக் காத்திருக்கும் வகுப்பாயிற்று. தம் வழியில் வராமல் தமிழ்வழிச் சென்ற மகனுக்குத் தந்தையின் கலையே கல்லூரியில் கைகொடுத்தது.

புதிய வாழ்வு பழைய வாழ்வை அழித்துவிடவில்லை. விடுமுறை வாய்க்கும்போதெல்லாம் அவர் திருவாவடுதுறைக்குச் சென்று தேசிகரைக் கண்டு வந்தார். கல்லூரிப் பாடத்திற்கு அப்பால், தம்மை நாடி வந்தவர்க்கு இல்லத்திலும் பாடம் சொன்னார். மணிக்கணக்கில் அடங்கிய கல்லூரிக் கல்வியும், கணக்கில் அடங்காத குருகுலக் கல்வியும் ஒருவரிடத்தே ஒருங்கு இயைந்திருந்த காட்சியைக் கும்பகோணம் கண்டது.

ஒரு கேள்வியும் பதினேழு ஆண்டும்

கல்லூரியில் சேர்ந்த அவ்வாண்டே, 1880 அக்டோபர் 21-ஆம் நாள், அவர் வாழ்க்கை மீண்டும் ஒருமுறை திரும்பியது. அரியலூரிலிருந்து கும்பகோணத்திற்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் காணச் சென்றார். தாம் பயின்ற அந்தாதிகளையும், கோவைகளையும், பிள்ளைத்தமிழ்களையும், உலாக்களையும், புராணங்களையும் வரிசையாகச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. இவற்றால் விளையும் பயன் என்ன என்ற கருத்துத் தோன்றப் பேசி, பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். இல்லை என்றே விடை கூற நேர்ந்தது.

கல்லூரித் தமிழாசிரியர் என்னும் பெருமையோடு சென்றவர்க்கு அக்கேள்வி தலைகுனிவாக அமைந்திருக்கலாம். சினந்து திரும்பியிருந்தாலும் குறை கூறுவார் இல்லை. ஐயரவர்களோ மீண்டும் சென்றார். முதலியார் கொடுத்த பிரதியைப் பெற்றார். அவருக்கே பாடம் சொல்லும் முறையில் தாமும் கற்கத் தொடங்கினார். பகலில் ஆசிரியர், மாலையிலும் இரவிலும் மாணவர். சமண சமய நூலாகிய சிந்தாமணியில் விளங்காத இடங்கள் பல இருந்தன. கும்பகோணத்தில் வாழ்ந்த சமண அன்பர்களை அடைந்து, சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் ஐயம் கேட்டுத் தெளிந்தார். சைவ மடத்தில் வளர்ந்த அந்தணர் ஒருவர் சமணர் இல்லங்களில் பணிவோடு அமர்ந்து பாடம் கேட்டது, கல்விக்கு வேலி இல்லை என்பதற்குச் சான்றாய் அமைந்தது.

நச்சினார்க்கினியர் உரையைப் படிக்கப் படிக்க, அவர் மேற்கோளாகக் காட்டிய அடிகள் எந்நூலைச் சேர்ந்தவை என்று அறிய இயலாமல் திகைத்தார். பெயரும் தெரியாத ஒரு பேரிலக்கியம் மறைந்து கிடக்கின்றது என்னும் உணர்வு அத்திகைப்பிலிருந்தே பிறந்தது. ஏடு தேடும் பயணங்கள் தொடங்கின. கல்லூரி விடுமுறை நாள்கள் ஏட்டைத் தேடுவதற்கும், சென்னை சென்று அச்சுப் பணியை மேற்பார்ப்பதற்கும் உரியனவாயின. மற்றையோர் இளைப்பாறும் விடுமுறை அவருக்கு உழைப்பின் காலமாயிற்று.

1887-இல் சீவகசிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு வெளிவந்தது. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று நூல்கள் தொடர்ந்தன. இவையனைத்தும் கும்பகோணம் கல்லூரி ஆசிரியராக இருந்துகொண்டே அவர் செய்தவை. நாள்தோறும் வகுப்பு நடத்தி, தேர்வுத் தாள் திருத்தி, எஞ்சிய பொழுதில் செய்தவை.

கல்லூரி அவருடைய பொழுதைப் பறித்துக்கொண்டது என்று மட்டும் சொல்வது பொருந்தாது. மணிமேகலையைப் பதிப்பிக்கப் புகுந்தபோது பௌத்த சமயக் கருத்துகள் பெரும் இடர்ப்பாடாக நின்றன. சிந்தாமணிக்குச் சமணர் இருந்ததுபோல் மணிமேகலைக்கு உதவப் பௌத்தர் தமிழ்நாட்டில் அன்று இல்லை. அப்போது கைகொடுத்தவர் அதே கல்லூரியில் ஆசிரியராக இருந்த மளூர் ரங்காசாரியார். ஆங்கிலத்திலும் வடமொழியிலும் வல்ல அவர், பௌத்தம் பற்றிய ஆங்கில நூல்களைப் படித்து அக்கருத்துகளை ஐயரவர்களுக்கு விளக்கினார். தமிழ் ஏட்டின் இருண்ட பகுதிக்கு, மேலைநாட்டார் எழுதிய நூலிலிருந்து ஒளி கிடைத்தது. இருவேறு கல்வி பயின்ற இருவர் ஒரே கூரையின் கீழ்ப் பணி செய்ததால் விளைந்த நன்மை இது. மடத்திலேயே அவர் தங்கியிருந்தால் இத்தகைய துணை வாய்த்திருக்குமோ என்பது எண்ணத்தக்கது.

இப்பேறுகளுக்கிடையே இழப்புகளும் நேர்ந்தன. சிந்தாமணி வெளிவந்த மறு ஆண்டாகிய 1888-இன் தொடக்கத்தில், சில நாள் இடையீட்டில் சுப்பிரமணிய தேசிகரும் தியாகராச செட்டியாரும் மறைந்தனர். அனுப்பி வைத்தவரும் அழைத்து வந்தவரும் ஒருசேர நீங்கினர். 1892-இல், கேள்வி கேட்டு வழிகாட்டிய இராமசாமி முதலியாரும் நாற்பது வயதளவிலேயே காலமானார். தம்மை உருவாக்கியோர் ஒருவர்பின் ஒருவராய் மறைய, அவர்கள் எதிர்பார்த்த பணியை மட்டும் விடாது செய்துகொண்டிருந்தார் ஐயரவர்கள்.

கடற்கரைக் கல்லூரி

1903-ஆம் ஆண்டின் இறுதியில் ஐயரவர்கள் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்றார். இருபத்து மூன்று ஆண்டுக் கும்பகோண வாழ்வு முடிந்தது. காவிரிக் கரையிலிருந்து கடற்கரைக்கு வந்த அவருக்கு அச்சகங்களும் அறிஞர் கூட்டமும் அணித்தாயின. அவ்வாண்டில் ஐங்குறுநூறும், 1904-இல் பதிற்றுப்பத்தும், 1918-இல் பரிபாடலும் வெளிவந்தன. 1906-இல் அரசாங்கத்தார் மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டத்தை வழங்கினர். தமிழாசிரியர் ஒருவர்க்குக் கிடைத்த அப்பெருமையை நாடே கொண்டாடிற்று. இளங்கவிஞராக விளங்கிய பாரதியாரும் வாழ்த்துப்பா இயற்றினார். ஆங்கிலம் அறிந்தோரின் அருகே தாழ்ந்த நிலையில் வைத்து எண்ணப்பட்ட தமிழாசிரியர் பதவி, அவர் அமர்ந்ததால் உயர்ந்தது. செட்டியாரின் கவலை தீர்ந்தது என்றே சொல்லலாம்.

1919-இல் அவர் ஓய்வுபெற்றார். பின்னர் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக விளங்கினார். 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. கல்லூரியில் மாணவராகப் பயிலாத ஒருவர், கல்லூரிகளில் நாற்பதாண்டுக்கும் மேலாகக் கற்பித்து, பல்கலைக்கழகத்தின் உயர்ந்த பட்டத்தையும் பெற்றார்.

முற்றுப்பெறாத நினைவு

முதுமையில் அவர் எழுதிய நூல்களை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். 1933, 1934-ஆம் ஆண்டுகளில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் வரலாற்றை இரண்டு பகுதிகளாக வெளியிட்டார். தியாகராச செட்டியாரின் வரலாற்றையும் எழுதினார். தம் வரலாற்றை எழுதுமாறு அன்பர் பலர் வற்புறுத்திய பின்னரே, ‘என் சரித்திரம்’ 1940 ஜனவரியில் ஆனந்த விகடன் இதழில் வாரந்தோறும் வெளிவரத் தொடங்கியது. தம் ஆசிரியர்க்கு உரியதைச் செலுத்திய பிறகே தம்மைப் பற்றிப் பேச இசைந்தார். அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்தை அணுகியிருந்தது. மாணாக்கர் கி. வா. ஜகந்நாதன் முதலியோர் அப்பணியில் உடனிருந்து உதவினர்.

அந்நூலில் அவர் பெற்ற பட்டங்களின் முழக்கம் இல்லை. பசித்த வேளையில் உணவளித்தவர், ஒரு செய்யுளின் பொருளை விளக்கியவர், ஓர் ஏட்டைத் தேடிக் கொடுத்தவர், ஒரு நூலுக்கு முன்பணம் செலுத்தியவர் என்று மனிதர்களே நிறைந்திருக்கின்றனர். அறுபது ஆண்டுக்கு முன்னர்க் கும்பகோணத்தில் நிகழ்ந்த உரையாடலும், கேட்ட கேள்வியும், வெட்கிய உள்ளமும் மறைக்கப்படாமல் இடம்பெற்றுள்ளன. தாம் அறியாதிருந்ததைச் சொல்ல அவர் நாணவில்லை. அறிவித்தவரைச் சொல்லாமல் விடுவதற்கே நாணினார்.

கல்லூரி நாள்களைப் பற்றிய நினைவு பலரிடத்தில் இளமையைப் பற்றிய ஏக்கமாக நின்றுவிடுகின்றது. மீண்டும் வாராத நாள்கள் என்று பெருமூச்செறிவதோடு அது முடிந்துவிடும். ஐயரவர்களிடத்தில் அந்நினைவு ஒரு கடன் கணக்காக இருந்தது. யாரிடமிருந்து என்ன பெற்றோம் என்று எண்ணிப் பார்த்து எழுதிய கணக்கு அது. அக்கணக்கில் முதல்வர் கோபால ராவும் உண்டு. சமண அன்பரும் உண்டு. உடனாசிரியர் ரங்காசாரியாரும் உண்டு. செட்டியார் பெயரோ எழுத்தில் மட்டும் நில்லாமல் வீட்டு வாயிலிலேயே நின்றது.

அவ்வரலாறு முற்றுப்பெறவில்லை. இரண்டாம் உலகப் போரின் அச்சத்தால் 1942-இல் சென்னை மக்கள் பலர் ஊரை விட்டு வெளியேறியபோது, ஐயரவர்களும் திருக்கழுக்குன்றத்திற்குச் சென்று தங்கினார். அங்கே அவ்வாண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் மறைந்தார். நூற்றிருபத்திரண்டு அத்தியாயங்களோடு நின்றுபோன சரித்திரம், மணிமேகலைப் பதிப்பு வெளிவந்த காலத்தையொட்டிய செய்திகளோடு முடிகின்றது. மாநிலக் கல்லூரி அதில் வரவில்லை. மகாமகோபாத்தியாயர் பட்டமும் வரவில்லை. நூலை மூடும் வாசகர் உள்ளத்தில் ஐயரவர்கள் என்றும் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராகவே இருக்கின்றார்.

1943-இல் அவர் பெயரால் நூல்நிலையம் நிறுவப்பெற்றது. அவர் திரட்டிய சுவடிகள் இன்று சென்னைப் பெசன்ட் நகரில் அந்நூல்நிலையத்தில் காக்கப்படுகின்றன. ஆனால் அவர் வாழ்ந்த ‘தியாகராச விலாசம்’ 2012-இல் இடிக்கப்பட்டது. ஆசிரியர்க்கு ஆசிரியராய் நின்ற ஒருவரின் பெயரைச் சென்னைத் தெரு ஒன்றில் பல்லாண்டு தாங்கி நின்ற சுவர்கள் மண்ணாயின. தம் நன்றியைக் கல்லில் பொறித்தவருடைய நினைவுக்குப் பின்வந்தோர் செலுத்திய நன்றி அவ்வளவாக முடிந்தது என்பது வருந்தத்தக்கதே.

எனினும் கல்லில் பொறித்தது மறைந்தாலும் சொல்லில் பொறித்தது மறையவில்லை. தம் இருக்கையிலிருந்து எழுந்து, தகுதியுள்ள இளையவரை அதில் அமரச் செய்த தியாகராச செட்டியாரின் பெயர், அவ்விளையவர் எழுதிய நூல்களில் வாழ்கின்றது. காவிரிக் கரையில் அக்கல்லூரி இன்றும் நிற்கின்றது. புதிய மாணவரும் புதிய ஆசிரியரும் ஆண்டுதோறும் வருகின்றனர். ஒவ்வோர் இருக்கையும் முன்னொருவர் விட்டுச் சென்ற இருக்கையே என்பதை அங்கு அமர்வோர் நினைப்பாராயின், இடிந்த அவ்வில்லம் அவர்கள் உள்ளத்தில் மீண்டும் எழும்.